பதினேழாவது வரி

ரசீதில் பதினேழாவது வரி அது.
தொழில்நுட்பக் கட்டணம், எழுநூற்றைம்பது.
நூலகத்துக்குக் கீழே, விளையாட்டுக்கு மேலே,
யாரும் படிக்காத இடத்தில்.

ஆயிரத்து ஐந்நூற்று இருபது பேர் கட்டியதைக் கூட்டினால்
பதினொரு லட்சத்து நாற்பதாயிரம்.
துறைகள் கேட்டிருந்தது முப்பத்தொரு லட்சம்.
குழுவில் மாணவர் தரப்பில் ஒருத்தி வேண்டுமாம்;
எனக்குக் கணக்கு வரும் என்று
யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

ஜனவரி. தலைகுந்தாப் புல்வெளி
உப்புக் கொட்டியது போல் கிடந்த காலை.
ஹீட்டர் ஒன்றுதான், அது பதிவாளர் காலடியில்.
மற்ற எட்டுப் பேரும் டீ கிளாஸை
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு
ஒதுக்கீடு பேசினோம்.

இயற்பியலுக்கு முப்பரிமாண அச்சு இயந்திரம்.
வணிகவியலுக்குத் தொட்டால் எழுதும் பலகை, இரண்டு.
(ஏன் இரண்டு? பக்கத்துத் துறையில் ஒன்று இருக்கிறதே.)
ஆங்கிலத் துறை போன வருஷம் வாங்கிய புரொஜெக்டரின்
கண்ணில் பூஞ்சை. எந்தப் படம் போட்டாலும்
திரையின் ஓரத்தில் ஒரு பாசிக்குளம்.
துடைக்கக் கேட்கவில்லை, புதிதாகக் கேட்டார்கள்.
ஊரார் வீட்டு நெய் என்றால்
கரண்டி கொஞ்சம் ஆழமாகத்தான் போகும்.

நூலகர் ஜெசிந்தா மேடம் கேட்டது
ஒரு இரும்பு அலமாரி, உள்ளே நாற்பது வாட் பல்பு.
மழை மாதங்களில் லென்சுகள் நமத்துப்போகாமல் இருக்க.
பதினான்காயிரம்.
"பல்பெல்லாம் தொழில்நுட்பமா?" என்றார் ஒருவர்.
அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.
இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் வந்தது அலுவலகத்தின் உருப்படி:
விரல்ரேகை வருகைப்பதிவு, ஆறு வாசலுக்கு ஆறு கருவி.
மூன்று லட்சத்து எண்பதாயிரம்.

கையைத் தூக்கினேன்.
யோகமலரைச் சொன்னேன்,
கோத்தகிரி டேன்டீ லைனிலிருந்து வருகிறவள்,
சனி ஞாயிறு அம்மாவோடு நிரையில் நிற்கிறவள்.
சோதனைக்கென்று மாட்டியிருந்த அந்தக் கருவிக்குத்
திங்கட்கிழமைகளில் அவளை அடையாளம் தெரிவதில்லை.
கொழுந்துக் கறை, பனிவெடிப்பு,
ரேகை இருந்த இடத்தில் மழை அரித்த மண்பாதை.
ஏழு தடவை விரலை வைத்தாள்.
ஏழு தடவையும் ஒரு பெண்குரல், மரியாதையாக,
"மீண்டும் முயற்சிக்கவும்."

எங்களை எண்ணுவதற்கு எங்கள் காசா, என்று கேட்டேன்.
குரல் நடுங்கியது. குளிர் என்று நினைத்திருப்பார்கள்.
"வாஸ்லைன் தடவச் சொல்லும்மா" என்றார் பதிவாளர்,
கெட்ட மனுஷர் இல்லை.

வாக்கெடுப்பில் ஆறு மூன்றானது.
அதற்கு மேல் இறங்கவில்லை.
மிச்சத்தை ஆண்கள் விடுதி வைஃபை கொஞ்சம் தின்றது,
பலகை இரண்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டன.
கடைசியில் கணக்கர் கால்குலேட்டரைத் தட்டி,
பதினான்காயிரத்து முந்நூற்று நாற்பது நிற்கிறது,
அந்த விலைக்கு ஏதாவது இருக்கா, என்றார்.
அப்படித்தான் அலமாரி வந்தது.
தேவைக்காக அல்ல, தொகை பொருந்தியதற்காக.

மீதி முந்நூற்று நாற்பது ரூபாய்.
கட்டபெட்டு திருப்பத்தில் பஸ் ஜன்னல் ஆவியில்
விரலால் வகுத்துப் பார்த்தேன்.
தலைக்கு இருபத்திரண்டு காசு.
எழுதி முடிக்கும் முன்பே வழிந்துபோனது.

ஜூலையில் பதினோரு நாள் மூடுபனி விலகவில்லை.
நூலகத்துக்குப் போனபோது மேடம்
அலமாரியைத் திறந்து காட்டினார்.
பாசிக்குளப் புரொஜெக்டர், இரண்டு கேமரா,
கீழ்த்தட்டில் வரிசையாக, நீர் கோத்து நின்றுபோன
விரல்ரேகைக் கருவிகள் மூன்றும்
உலர்ந்துகொண்டிருந்தன.

யோகமலர் ஒன்றும் சொல்லவில்லை.
கையை உள்ளே விட்டாள்,
பல்பின் பக்கம் பத்து விரலையும் விரித்து
குளிர் காய்ந்தாள்.

"போதும் கதவைச் சாத்து," என்றார் மேடம்,
"சூடு போவுது."